குரோதி வருஷம், மார்கழி மாதம்

"அண்ணே, எங்க அப்பா பேருக்குப் பக்கத்துல ஒரு கோடு மட்டும் நிக்குதே, அது என்ன?"

சித்தப்பா மகள் தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஓய்வு பெற்ற பிறகு எங்கள் குடும்பத்தின் வம்சாவளியை எழுதிக்கொண்டிருக்கிறேன். பேரன் என் மடிக்கணினியில் கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றிக் கொடுத்தான். இரண்டு வருஷம் உட்கார்ந்து, ஐந்து தலைமுறை, நூற்றுச் சொச்சம் பேரை அதில் ஏற்றினேன். ஒரு நாள் ஆசையாகப் படமாக எடுத்து உறவினர்களுக்கெல்லாம் வாட்ஸப்பில் அனுப்பினேன். அந்தப் படத்தில்தான் சித்தப்பா பெயருக்கு அருகில் "1935 –" என்று இருந்தது. கோட்டுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

அப்படி இருந்தால் ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். இறந்த தேதி கொடுக்காவிட்டால் இந்த மென்பொருள் பிறந்ததிலிருந்து 110 வயது வரை ஒருவர் இருக்கக்கூடும் என்றே எடுத்துக்கொள்ளும். சித்தப்பாவைக் கடைசியாகப் பார்த்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தனுஷ்கோடியில் வேலை பார்த்தவர் என்று சொன்னால், இந்தக் கரையில் உள்ளவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

"தேதி போடலைம்மா, அதான்" என்றேன்.

"போட்டுருங்கண்ணே" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்னன்னு போடுவீங்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான், பிறந்த தேதி, இறந்த தேதி என்று நாம் சாதாரணமாக எழுதுகிற இரண்டு எண்களுக்குப் பின்னால் எவ்வளவு சங்கதி இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

பெயருக்குப் பக்கத்தில் பிறந்த ஆண்டு, ஒரு கோடு, இறந்த ஆண்டு என்று போடும் வழக்கம் நமக்கு அச்சுப் புத்தகத்தோடும் பள்ளிக்கூடத்தோடும் வந்தது. நம் பெரியவர்கள் தேதிகளை வைத்துக்கொள்ளாமல் இல்லை. ஆனால் அவர்கள் வைத்துக்கொண்டது வேறு தேதி. பிறந்தவருக்கு நட்சத்திரம் வேண்டும், ஏனென்றால் அர்ச்சனைக்கும் பொருத்தம் பார்ப்பதற்கும் அதுதான் பயன்படும். இறந்தவருக்கு மாதமும் பட்சமும் திதியும் வேண்டும், ஏனென்றால் திவசத்துக்கு அதுதான் தேவை. இரண்டு காரியத்துக்கும் வருஷம் எது என்ற கேள்வியே எழாது. அதனால்தான் எங்கள் அப்பத்தாவுக்குத் தன் மாமனார் இறந்த திதி தொண்ணூறு வயதிலும் நினைவில் இருந்தது, எந்த வருஷம் என்று கேட்டால் மட்டும் "அதை யாரு கண்டா" என்று சொல்லிவிட்டது. மென்பொருள் முதலில் கேட்பது, நாம் வைத்துக்கொள்ளாத அந்த வருஷத்தை. நாம் காலங்காலமாகக் காப்பாற்றி வந்த திதிக்கும் நட்சத்திரத்துக்கும் அதில் தனிக் கட்டம் கிடையாது. குறிப்பாகத்தான் எழுதி வைக்க வேண்டும்.

ராஜாக்கள் விஷயத்திலும் இதே கதைதான். சேதுபதி மன்னர்களின் செப்பேடுகளைப் படித்துத் தொகுத்த நமது ஊர் ஆய்வாளர் டாக்டர் எஸ்.எம். கமால் அவர்களின் நூல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு கிராமத்தைத் தானம் கொடுத்தால் சக ஆண்டு, வருஷத்தின் பெயர், மாதம், தேதி, கிழமை, திதி, நட்சத்திரம் என்று வரிசையாகப் பொறித்திருப்பார்கள். கொடுத்தவர் பிறந்த நாளை யாரும் பொறிக்கவில்லை. தலைநகரைப் போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டிய கிழவன் சேதுபதி பட்டத்துக்கு வந்த ஆண்டு ஒரு புத்தகத்தில் 1671, இன்னொன்றில் 1674. இறந்தது 1710 என்பதில் மட்டும் பெரிய தகராறு இல்லை. அதே மன்னர் காலத்தில் ஓரியூரில் வெட்டுண்டு இறந்த பாதிரியார் ஜான் டி பிரிட்டோவுக்கு, நம் ஊரில் சொல்வதானால் அருளானந்தருக்கு, லிஸ்பனில் பிறந்தது 1647 மார்ச் 1, ஓரியூரில் இறந்தது 1693 பிப்ரவரி 4 என்று இரண்டு தேதியும் துல்லியமாக இருக்கின்றன. தேசத்தை ஆண்டவரின் பிறந்த நாள் நம் கையில் இல்லை, அந்தத் தேசத்துக்கு வந்து இறந்தவரின் பிறந்த நாள் இருக்கிறது. யார் எதை எழுதி வைக்க நினைத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

நூறு இருநூறு ஆண்டுகளுக்குள் நிலைமை மாறிவிட்டது. கும்பினிக்காரர்கள் பட்டத்திலிருந்து இறக்கிச் சிறை வைத்த முத்துராமலிங்க சேதுபதி இறந்தது 1809 ஜனவரி 23. விவேகானந்தரைச் சிகாகோவுக்குப் போகத் தூண்டிய பாஸ்கர சேதுபதி பிறந்தது 1868 நவம்பர் 3, மறைந்தது 1903 டிசம்பர் 27. ராமேஸ்வரத்தில் படகுக்காரர் மகனாகப் பிறந்து குடியரசுத் தலைவரான அப்துல் கலாம் அவர்களுக்கு 1931 அக்டோபர் 15, 2015 ஜூலை 27. இவர்களை மென்பொருளில் ஏற்றுவது ஐந்து நிமிஷ வேலை. உங்களையும் என்னையும் போன்றவர்களின் தாத்தாவை ஏற்றுவதுதான் சிரமம்.

எங்கள் வீட்டில் ஆதாரம் என்று இருந்தது பெரிய தாத்தா எழுதிய ஒரு நீளக் கணக்கு நோட்டும், ஜாதகக் கட்டு ஒன்றும். எல்லாம் பிரபவ, விபவ கணக்கில். அறுபது வருஷப் பெயர்களைப் பள்ளியில் மனப்பாடம் செய்த தலைமுறை நாம். இருந்தாலும் இங்கிலீஷ் வருஷமாக மாற்றுவதற்கு ஒரு சுலப வழி சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் வருஷத்தோடு 54 கூட்டி 60ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்தச் சித்திரையில் தொடங்கும் தமிழ் வருஷத்தின் எண். 1964ஐ எடுத்தால் கூட்டுத்தொகை 2018, மீதி 38. முப்பத்தெட்டாவது வருஷம் குரோதி. மீதி ஒன்றுமே வராவிட்டால் அறுபதாவதான அட்சய.

இதில் இரண்டு இடத்தில் வழுக்கும். இரண்டிலும் நான் வழுக்கினேன்.

முதலாவது, தை முதல் பங்குனி வரை. சித்தப்பா ஜாதகத்தில் "பவ வருஷம் பங்குனி மாதம்" என்று இருந்தது. பவ என்றால் 1934 என்று பார்த்து அப்படியே ஏற்றிவிட்டேன். பங்குனி என்பது அந்தத் தமிழ் வருஷத்தின் கடைசி மாதம். அதற்குள் இங்கிலீஷ் வருஷம் 1935 ஆகிவிடும். பேரன்தான், "தாத்தா, இவர் தன்னோட அக்கா பிறந்து நாலு மாசத்துல பிறந்திருக்காரு, மென்பொருள் எச்சரிக்கை காட்டுது" என்று சிரித்தான்.

இரண்டாவது, ஒரே பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வருவது. உயிரோடு இருப்பவருக்கு இதனால் குழப்பம் வராது. பிறந்த வருஷம் திரும்பி வந்தால் அறுபதாம் கல்யாணம் என்று கொண்டாடிவிடலாம். இறந்தவர்களுக்குத்தான் சிக்கல். போதாததற்குப் பெயர்களும் ஒன்றுபோல இருக்கின்றன. குரோதி உண்டு, குரோதன உண்டு, விரோதி உண்டு, விரோதிகிருது உண்டு. எங்கள் பூட்டனார் இறந்தது நோட்டில் "குரோ" என்று தொடங்கி மீதியைப் பூச்சி அரித்திருந்தது, "தை மாதம்" என்பது மட்டும் தெளிவாக இருந்தது. குரோதி என்றால் 1905, குரோதன என்றால் 1926. இருபத்தொரு வருஷ வித்தியாசம். கடைசியில் பெட்டிக்கு அடியில் கிடந்த ஒரு ஒத்திப் பத்திரம் கைகொடுத்தது. 1912இல் பதிவான அந்தப் பத்திரத்தில் பூட்டனாரின் கைநாட்டு இருக்கிறது. 1905இல் இறந்தவர் 1912இல் கைநாட்டு வைக்க முடியாது. ஆகவே 1926.

கல்வெட்டு படிக்கிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். சக ஆண்டோடு 78 கூட்டினால் கி.பி. வரும். அது வருஷப் பெயரோடு ஒத்துப்போகிறதா, கிழமையும் திதியும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். அதற்கான அட்டவணைகளை நூறு வருஷத்துக்கு முன் பொறுமையாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை என்ற தமிழர். 1911இல் வந்த அவருடைய காலக்கணிதப் புத்தகத்தில் கி.பி. 2000 வரைக்கும் அட்டவணை உண்டு. கணினி இல்லாத காலத்தில் கையால் போட்ட கணக்கு!

சரி, நம் கணக்கை அப்படியே மென்பொருளில் கொடுக்க முடியுமா என்று பார்த்தேன். தேதி கொடுக்கும் இடத்தில் எந்த நாள்காட்டி என்று தேர்ந்தெடுக்கலாம். பட்டியலில் கிரிகோரியன், ஜூலியன், யூதர்களுடையது, பாரசீகம், இஸ்லாமியம் எல்லாம் இருக்கின்றன. என்னோடு பணிபுரிந்த கீழக்கரை நண்பர் ஒருவரும் இதேபோல வம்சாவளி எழுதுகிறார். அவர் வீட்டுப் பெரியவர்களின் மறைவு ஹிஜ்ரி தேதியில் குறித்திருக்கிறது. அவர் அதை அப்படியே ஏற்றிவிட்டார். எனக்கு அந்த வசதி இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு சுமார் பன்னிரண்டு வருஷம் மட்டும் ஓடிய நாள்காட்டிக்கு அதில் இடம் இருக்கிறது. சுவீடன் தேசத்தில் 1700 முதல் 1712 வரை ஓடி, பிப்ரவரி 30 என்று ஒரு நாளையே உண்டாக்கிவிட்டு மறைந்த நாள்காட்டிக்கும் இடம் இருக்கிறது. கிழவன் சேதுபதியின் கடைசிக் காலத்தில் தொடங்கி, அவர் காலமான இரண்டாம் வருஷம் கைவிடப்பட்ட கணக்கு அது! இன்றைக்கும் பஞ்சாங்கம் போட்டு நாம் பார்க்கிற கணக்குக்கு இடம் இல்லை. இதற்காக யாரையும் கோபித்துப் பயனில்லை. மென்பொருளைத் தம் ஓய்வு நேரத்தில் எழுதித் தருகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சேர்த்திருக்கிறார்கள். நம்மில் யாராவது ஒரு பிள்ளை எழுதிச் சேர்த்தால் சேர்ந்துவிடும்.

ஆனால் அதில் இன்னொரு வசதி இருக்கிறது. முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. இப்போது அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தேதி கொடுக்கும்போது வெறும் தேதியாகக் கொடுக்கலாம், அல்லது "சுமார்", "முன்", "பின்", "இன்னதற்கும் இன்னதற்கும் இடையில்" என்று சேர்த்துக் கொடுக்கலாம். இது மதிப்பீடு, இது கணக்குப் போட்டு வந்தது என்றும் குறிக்கலாம். 1984இல் அமெரிக்காவில் உருவான ஜெட்காம் என்ற பொது விதியிலேயே இதற்கெல்லாம் குறியீடு உண்டு. அதனால் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாலும் பெரும்பாலும் அழியாது.

எங்கள் அப்பத்தா பிறந்தது எப்போது என்று கேட்டால், "பாம்பன் பாலம் கட்டிக்கிட்டு இருந்தப்போ" என்று சொல்லும். வேறு ஆதாரம் கிடையாது. பாலத்தின் வேலை 1911இல் தொடங்கி, 1914 பிப்ரவரி 24இல் ரயில் விட்டார்கள். ஆகவே அப்பத்தாவுக்கு "1911க்கும் 1914க்கும் இடையில்" என்று கொடுத்தேன். மென்பொருள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவர் என்று சொல்லப்பட்ட அதன் மாமனாருக்கு "சுமார் 1877". படிப்பறியாத அப்பத்தா சொன்னதும், கணினி கேட்பதும் ஒரே பாஷையாக இருந்தது எனக்கு வியப்பு. நடுவில் படித்த நாம்தான் எல்லாவற்றையும் ஒற்றைத் தேதியாக்கிவிட்டோம்.

இந்த இடத்தில் ஒரு வாக்குமூலம் கொடுக்க வேண்டும். நான் ஆசிரியராக இருந்தவன். ஆரம்ப காலத்தில் கடற்கரைக் கிராமப் பள்ளியில் வேலை பார்த்தபோது, பிள்ளையைச் சேர்க்க வரும் தாய்மார்களிடம் பிறந்த தேதி கேட்டால், "மீன்பாடு நல்லா இருந்த வருஷம் சார்" என்பார்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இலேயே வந்துவிட்டது, அதற்கு முன் மதராஸ் மாகாணத்துக்கு 1899ஆம் வருஷச் சட்டமும் இருந்தது. சட்டம் இருந்தாலும் குடிசைகளில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் பதிவேட்டில் ஏறவில்லை. கையைத் தலைக்கு மேலாகப் போட்டுக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்து, ஐந்து வயது முடிந்த கணக்கு வரும்படி மே, ஜூனில் ஒரு தேதியை நானே எழுதிவிடுவேன். இன்றைக்கும் ஜூன் முதல் வாரத்தில் பழைய மாணவர்களின் பிறந்தநாள் வாழ்த்துப் படங்களைப் பார்க்கும்போது, இதில் எத்தனை நான் கொடுத்ததோ என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கும் அப்படித்தான் ஒருவர் கொடுத்தார். ஜாதகப்படி நான் நந்தன வருஷம் ஆவணி மாதம் பிறந்தவன். சான்றிதழில் 1952 ஜூன் 1. ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் முந்தைய மாதக் கடைசி நாளிலேயே ஓய்வு பெற வேண்டும் என்பது விதி. ஆகவே 2010 மே 31இல் என்னை மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். உண்மைத் தேதி இருந்திருந்தால் ஆகஸ்டில்தான் 58 முடிந்திருக்கும். கல்வியாண்டின் நடுவில் ஓய்வு வந்தால் அடுத்த மே வரைக்கும் மறுநியமனம் உண்டு. இரண்டரை மாத வித்தியாசத்தில் ஒரு வருஷச் சம்பளம் போயிற்று! மென்பொருளில் எனக்கு இரண்டு பிறப்பு நிகழ்வுகள் கொடுத்திருக்கிறேன். ஆவணித் தேதி முதன்மை. ஜூன் 1க்கு "பள்ளிக்கூடத்தில் கொடுத்தது" என்று குறிப்பு. அரசாங்கத்துக்கு அது, வீட்டுக்கு இது.

காட்டும் விதத்திலும் சில வேடிக்கைகள் உண்டு. பிறப்புக்கு ஒரு நட்சத்திரக் குறியும் இறப்புக்கு ஒரு சிலுவைக் குறியும் போடுவது ஐரோப்பிய வழக்கம். பேரன் அந்தக் குறிகள் வரும்படி வைத்திருந்தான். முதல் படத்தைப் பார்த்த என் தம்பி, "நம்ம தாத்தா எப்ப வேதத்துல சேர்ந்தாரு?" என்று கேட்டான். பிறகு அமைப்பில் போய்க் குறிகளை எடுத்துவிட்டு, சொற்களாக வரும்படி மாற்றினோம். தேதி "1926-01" என்று எண்ணாக வரவேண்டுமா, மாதத்தின் பெயரோடு வரவேண்டுமா என்பதையும் அங்கேயே மாற்றலாம். படத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் பெயர், பிறப்பு, இறப்பு எப்படி வரவேண்டும், முழுத் தேதியா ஆண்டு மட்டுமா என்பதற்கும் தனித்தனிக் குறிகள் இருக்கின்றன.

இப்போது சித்தப்பாவிடம் வருகிறேன்.

அப்போது நாங்கள் மண்டபத்தில் இருந்தோம். எனக்கு 12 வயது. சித்தப்பா தனுஷ்கோடியில் ஒரு கருவாட்டு வியாபாரியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். தனுஷ்கோடி அப்போது ரயில் நிலையம், தபாலாபீஸ், சுங்க ஆபீஸ், தலைமன்னாருக்குக் கப்பல் என்று ஜேஜே என்று இருந்த ஊர். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டுத் திங்கட்கிழமை காலை ரயிலில் போவார். 1964 டிசம்பர் 21 திங்கட்கிழமையும் அப்படித்தான் போனார். மறுநாள் இரவு புயல்.

அந்த இரவைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். பாம்பனிலிருந்து போன 653ஆம் எண் பயணி ரயிலை, தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கும்போது அலை அடித்துக்கொண்டு போயிற்று. அதில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். டிக்கெட் வாங்காமல் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று கணக்கில்லாததால் சரியான தொகை இன்றுவரை இல்லை. மொத்தச் சாவு 1800 என்று சொல்கிறார்கள். அதுவும் ஒரு சுமார்தான். பாம்பன் பாலமும் சிதைந்துவிட்டது. பாலம் 46 நாளில் சரியாயிற்று, தனுஷ்கோடி சரியாகவே இல்லை. மனிதர் வசிக்கத் தகாத இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது.

அப்பா சில நாள் கழித்துத் தோணியில் அக்கரைக்குப் போய்த் தேடினார். உடல் கிடைக்கவில்லை. அதே கடையில் வேலை பார்த்து உயிர் தப்பிய ஒருவர் மட்டும், "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கப்பல் மேடைப் பக்கம் நின்னதைப் பார்த்தேன்" என்றார்.

கப்பல் மேடை என்ற அந்த ஒரு சொல்லைச் சித்தி பிடித்துக்கொண்டார். கப்பலேறியிருப்பார், தலைமன்னாரில் இருப்பார், கடிதம் போட முடியாமல் இருக்கிறார் என்று சொல்லுவார். அப்போது சித்திக்கு 23 வயது, கையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. பொட்டை அழிக்கவில்லை. காணாமல் போனவரை ஏழு வருஷம் வரை யாரும் கேள்விப்படாவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது அப்போது நடப்பில் இருந்த 1872ஆம் வருஷச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பன்னிரண்டு வருஷம் பார்ப்பார்கள். ஏழும் போயிற்று, பன்னிரண்டும் போயிற்று. சித்தி எந்த மனுவும் போடவில்லை, எந்தக் காரியமும் செய்ய விடவில்லை. ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய வரைக்கும், அக்கரையிலிருந்து யார் வந்தாலும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அப்பா புரட்டாசி மகாளய அமாவாசைக்கு அக்கினி தீர்த்தத்தில் குளித்து எள்ளும் தண்ணீரும் இறைப்பார். திதி தெரியாதவர்களுக்கெல்லாம் அந்த நாள்தான். தாத்தாவுக்கு என்று சொல்லிவிட்டுப் போவார். தம்பிக்கும் சேர்த்து என்பது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும், சித்தியிடம் யாரும் சொன்னதில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் மென்பொருளில் தேதி கொடுக்க உட்கார்ந்தேன். முதலில் 22 டிசம்பர் 1964 என்று கொடுத்தேன். உடனே ஒரு சந்தேகம். நள்ளிரவை ஒட்டி நடந்தது, 22ஆ 23ஆ? நம் கணக்கில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள். அந்த இரவு முழுவதும் குரோதி வருஷம் மார்கழி மாதம் செவ்வாய்க்கிழமை ராத்திரிதான். இங்கிலீஷ் கணக்குக்கு 22க்கும் 23க்கும் இடையில் என்று மாற்றினேன். படத்தில் "1935 – 1964" என்று கச்சிதமாக வந்தது. எல்லாருடையதைப் போலவும் இருந்தது. தங்கைக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் கூப்பிட்டாள். "அண்ணே, பார்த்தேன். தப்புன்னு சொல்லலை. ஆனா அம்மா இருந்து இதைப் பார்த்தா என்ன சொல்லும்?"

சித்தி இறந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. அவருக்கு மட்டும் எங்கள் வம்சாவளியில் எல்லாத் தேதியும் சரியாக இருக்கிறது, பதிவேட்டிலும் ஏறியிருக்கிறது. கடைசி மாதம் நான் பார்க்கப் போனபோது என்னிடம் சித்தி சொன்னதை அன்று இரவு நினைத்துப் பார்த்தேன்.

"ஏய்யா, உங்க அப்பா வருஷா வருஷம் அக்கினி தீர்த்தத்துல யாருக்குத் தண்ணி விட்டாகன்னு எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீக? தெரியும். அவுக விடட்டும், நான் பார்க்கட்டும்னு இருந்தேன்."

ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரு மனிதனுக்கு இரண்டு விதமாகக் கணக்கு வைத்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் மற்றவர் கணக்கு தெரியும். ஒருவர் மற்றவரைத் திருத்தவில்லை. 1964 என்று நான் போட்டது அப்பாவின் கணக்கு. வெறும் கோடு போட்டிருந்தது, தெரியாமல் போட்டதுதான் என்றாலும், சித்தியின் கணக்கு. எனக்குத் திட்டமாகத் தெரிந்தது என்ன? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கப்பல் மேடைப் பக்கம் நின்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எப்போது என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் தேதியை எடுத்துவிட்டு, "பின்" என்பதைத் தேர்ந்தெடுத்து, 22 டிசம்பர் 1964 என்று கொடுத்தேன். குறிப்பில், கடைசியாகப் பார்த்தவர் சொன்னதையும், மகாளய அமாவாசையில் தர்ப்பணம் நடந்து வருவதையும், சித்தி காத்திருந்ததையும் எழுதினேன். படத்தை எடுத்தால் மறுபடியும் "1964" என்றே வந்தது! ஆண்டு மட்டும் போதும் என்று கட்டத்துக்குச் சொல்லியிருந்தேன், அதனால் "பின்" என்ற சொல் உதிர்ந்துவிட்டது. அதையும் காட்டு என்று தனியாகக் கேட்டால்தான் காட்டும். பேரனைக் கூப்பிட்டு, கால் மணி நேரம் குடைந்து, வரவழைத்தோம். இப்போது இப்படி இருக்கிறது:

பிறப்பு: 1935, பங்குனி
மறைவு: 22 டிசம்பர் 1964க்குப் பின்

தங்கைக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. பிறகு எழுதியிருந்தாள்: "இது சரியா இருக்குண்ணே. அம்மாவும் ஒத்துக்கும்."

இதை எழுதக் காரணம், உங்களில் பலரும் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ கேட்டு இப்படி எழுதத் தொடங்கியிருப்பீர்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே எல்லாவற்றுக்கும் ஆதாரம் என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இந்தச் சிரமம் வராது. "பாலம் கட்டினப்போ", "புயலுக்கு முந்தி" என்று சொல்லக் கேட்டு வளர்ந்த கடைசித் தலைமுறை நாம்தான். நமக்குப் பின் அதைத் தேதியாக மாற்றத் தெரிந்தவர் இருக்க மாட்டார்கள். ஆகவே தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு எழுதி வையுங்கள். திதி மட்டும் தெரிந்தால் திதியை எழுதுங்கள். சுமார் என்றால் சுமார் என்றே எழுதுங்கள். யார் சொல்லித் தெரியும் என்பதையும் பக்கத்திலேயே போட்டு வையுங்கள். கட்டம் அழகாக வரவேண்டும் என்பதற்காக ஒரு தேதியை நிரப்பிவிடாதீர்கள். வேலையில் இருந்த காலமெல்லாம் அதைச் செய்தவன் சொல்கிறேன்.

போன குரோதி வருஷ மார்கழியோடு அறுபது நிறைந்தது. தங்கையும் நானும் தனுஷ்கோடிக்குப் போய், இடிந்த கோயில் சுவரெல்லாம் தாண்டி, கப்பல் மேடை இருந்திருக்கும் என்று நாங்களாக நினைத்துக்கொண்ட இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தோம். தங்கை தண்ணீர் விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.